பழைய கம்பியூட்டருக்குப் போனிலிருந்து ஒரு பாதை

மண்டூரிலிருந்து குருமன்வெளிக்குப் போவதென்றால் நாங்கள் பாதையில் ஏறுவோம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு மட்டும் இல்லை, மட்டக்களப்பு வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப் போகிற தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். நான் உப தபாலதிபராக இருந்த காலத்தில் தபால் பையும் அதில்தான் வந்தது. என் வீட்டு இணையமும் இப்போது அப்படித்தான் வருகிறது. கம்பியூட்டர் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், இணையம் கிழக்கே எழுவான்கரையில், நடுவில் போன்தான் பாதை.

எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வயர் இன்னும் வரவில்லை. வீட்டில் இருப்பது 2010இல் மருமகன் வாங்கிய டெஸ்க்டொப்: கோர் 2 டுவோ, 2 ஜிபி ரெம், விண்டோஸ் 7. அவர் தோஹாவுக்குப் போன பிறகு அதைப் பழைய சாரத்தால் மூடி மூலையில் வைத்திருந்தோம். பென்சன் எடுத்த பிறகு எனக்கு ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் தளத்தில் பழைய ஊர்ப் புத்தகங்களைப் படிக்க ஆசை வந்தது. எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. கண்ணில் வெண்புரை எடுத்தவன் அதைப் போன் திரையில் படிக்க முடியாது. பேத்திக்கும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்களைப் பார்க்கப் பெரிய திரை வேண்டியிருந்தது. சாரத்தை எடுத்துத் தூசி தட்டினோம்.

நான் முதலில் செய்தது பிழையான காரியம். கல்முனையில் ஒரு கடையில் வைஃபை டொங்கிள் வாங்கினேன், யூஎஸ்பி ஓட்டையில் குத்தினால் கம்பியூட்டருக்கு வைஃபை தருகிற சின்னச் சாமான். கடைப் பொடியன் “குத்தின உடனே வேலை செய்யும் ஐயா” என்றான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே சின்னச் சீ.டி. ஒன்று, டொங்கிளை இயக்குகிற மென்பொருளான டிரைவர் அதில்தான் இருக்கிறது. என் கம்பியூட்டரின் சீ.டி. தட்டு வெளியே வந்து எத்தனையோ வருடம். டிரைவரை இணையத்தில் இறக்கலாம், ஆனால் இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். பேத்திதான் சொன்னாள்: “அம்மப்பா, போன் வயரைக் குத்துங்க. மறுகா டொங்கிளைப் பாப்பம்.”

அவள் சொன்னது சரி. பழைய டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். டொங்கிளுக்குக் காசு கொடுக்க முதல் யூஎஸ்பி வயரால் முயன்று பாருங்கள். இதற்கு யூஎஸ்பி டெதரிங் என்று பெயர். போனின் இணையம் காற்றில் போகாமல் வயர் வழியாகக் கம்பியூட்டருக்குப் போகும். கடவுச்சொல் இல்லை, கம்பியூட்டரில் வைஃபை இருக்கவும் தேவையில்லை. போனும் அதே வயரில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். பழைய யூஎஸ்பி ஓட்டை வேகத்தைக் குறைக்குமே என்று கவலைப்பட வேண்டாம். யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வரை தாங்கும், நம் வீட்டுக்குள் வருகிற 4ஜி அதன் பக்கத்திலும் வராது.

செய்முறைக்கு வருகிறேன். முதலில் வயர். சார்ஜ் மட்டும் செய்கிற வயர்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் தகவல் போகிற கம்பியே இல்லை. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த வயரால் போட்டோ ஒன்றைப் போனிலிருந்து கம்பியூட்டருக்கு மாற்ற முடிந்தால் அது நல்ல வயர். என் வீட்டில் இருந்த நாலு வயரில் ஒன்றுதான் தேறியது. அதற்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், யாரும் சார்ஜுக்கு எடுத்துக்கொண்டு போகாமல். அடுத்தது, வயரைக் கம்பியூட்டரின் பின்பக்கத்தில் குத்துங்கள். முன்பக்க ஓட்டைகள் பழைய பெட்டிகளில் தளர்ந்து போயிருக்கும், போன் கொஞ்சம் அசைந்தாலும் தொடர்பு அறுந்துவிடும்.

வயரைக் குத்தி, போனின் பூட்டைத் திறந்து, டேட்டாவைப் போடுங்கள். செட்டிங்ஸுக்குள் ஹொட்ஸ்பொட், டெதரிங் என்று எழுதியிருக்கிற இடத்துக்குப் போங்கள். போனுக்குப் போன் அது நெட்வேர்க் என்பதற்குள்ளோ கனெக்ஷன்ஸ் என்பதற்குள்ளோ இருக்கும். அங்கே யூஎஸ்பி டெதரிங் என்ற பொத்தானைப் போட வேண்டும். வயர் குத்தாமல் தேடினால் அது மங்கலாகக் கிடக்கும், தொட்டாலும் அசையாது. குத்திய பிறகும் மங்கலாகவே இருந்தால் வயர்தான் குற்றவாளி, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

பொத்தானைப் போட்டதும் விண்டோஸ் 7 தானே டிரைவரைத் தேடத் தொடங்கும். ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு இது வீட்டு நெட்வேர்க்கா, வேலைத்தளமா, பொது இடமா என்று கேட்கும். பப்ளிக் என்பதைத் தெரிவு செய்யுங்கள், கம்பியூட்டரின் கதவுகளை அது கூடுதலாகச் சாத்தி வைக்கும்.

டிரைவர் கிடைக்கவில்லை என்று சொன்னால் மனம் தளர வேண்டாம், எனக்கும் அப்படித்தான் சொன்னது. டிவைஸ் மனேஜரைத் திறந்தால் மஞ்சள் அடையாளத்தோடு ஒரு வரி இருக்கும். அதில் வலது கிளிக் செய்து, டிரைவரைப் புதுப்பிக்கிற வரியை எடுத்து, ‘கம்பியூட்டரில் தேடு’ என்பதைத் தெரிந்து, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். வருகிற பட்டியலில் நெட்வேர்க் அடப்டர்ஸ், அதற்குள் மைக்ரோசொஃப்ட் கோர்ப்பரேஷன், அதற்குள் ‘ரிமோட் என்டிஐஎஸ் கொம்பட்டிபிள் டிவைஸ்’. எச்சரிக்கை ஒன்று வரும், ஆம் என்று சொல்லலாம். அந்த டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, எங்கிருந்தும் இறக்கத் தேவையில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 7இல் இதைச் செய்ய அப்பிளின் ஐடியூன்ஸும் இருக்க வேண்டும், டிரைவர் அதோடுதான் வருகிறது. விண்டோஸ் எக்ஸ்பி என்றால் நான் முயலவே சொல்லமாட்டேன். 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் அதைக் கைவிட்டது. கஷ்டப்பட்டுத் தொடுத்தாலும் இன்றைய தளங்களில் பெரும்பாலானவை அதில் திறக்காது.

தொடுப்பு வந்ததா என்று சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டில் ‘சிஎம்டி’ (cmd) என்று அடித்து, வருகிற கறுப்புப் பெட்டியில் ‘ஐபிகொன்ஃபிக்’ (ipconfig) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கம்பியூட்டருக்குக் கிடைத்த முகவரி எண்ணாக வரும். 169.254 என்று தொடங்கினால் போன் முகவரி கொடுக்கவில்லை, கம்பியூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். முகவரி இல்லாத கடிதத்தை நாங்கள் கந்தோரிலேயே நிறுத்தி வைப்போமே, அதே நிலைமைதான். டெதரிங்கை நிறுத்தி மறுபடி போடுங்கள். பெரும்பாலும் சரிவரும்.

இனிச் சொல்லப்போவது என்னை இரண்டு நாள் அலைக்கழித்த விஷயம். தொடுப்பு வந்துவிட்டது, மூலையில் அடையாளமும் வந்துவிட்டது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இந்தத் தொடர்பு பாதுகாப்பானது இல்லை’ என்று சிவப்பில் எழுதிக் கதவைச் சாத்தியது. டேட்டா முடிந்துவிட்டதோ என்று ரீலோட் போட்டேன். சிம்மைக் கழற்றிப் போட்டேன். போன் கம்பெனிக்கு எடுத்துப் பேசவும் யோசித்தேன். கடைசியில் பார்த்தால் கம்பியூட்டரில் ஆண்டு 2010.

கடிகாரம் பிழையாக ஓடுகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். மணியையும் நிமிடத்தையும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத் திருத்தியும் விட்டேன். ஆண்டைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் காலையில் கந்தோரைத் திறந்ததும் முதல் வேலையாகத் திகதி முத்திரையை மாற்றியவன் நான். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏன் இப்படி என்றால், பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பிரவுசர் அந்தத் திகதியைக் கம்பியூட்டரின் திகதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கம்பியூட்டர் 2010இல் நின்றால், இன்றைக்குக் கொடுத்த சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காத ஒன்று. அதனால் உள்ளே விடாது.

திகதியைத் திருத்தினால் உடனே திறக்கும். ஆனால் அடுத்த நாள் பிளக்கைக் கழற்றிப் போட்டதும் மறுபடி 2010. கம்பியூட்டருக்குள் சின்னக் காசு அளவில் ஒரு பட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பத்து வருடம் மூடிக் கிடந்த பெட்டியில் அது செத்திருக்கும். பெரும்பாலான டெஸ்க்டொப்களில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டரி. களுவாஞ்சிக்குடியில் மணிக்கூடு திருத்துகிற இடத்தில் வாங்கினேன். கரண்ட் வயரைக் கழற்றுங்கள், பக்கத் தகட்டைத் திறங்கள், பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பட்டரியைப் பிடித்திருக்கிற கொக்கியைத் தள்ளினால் அது எழும்பி வரும். புதியதைக் கூட்டல் அடையாளம் தெரிகிற மாதிரி வையுங்கள். மூடிப் போட்டதும் கறுப்புத் திரையில் ஏதோ கேட்கும், உள்ளே போய்த் திகதியைக் கொடுத்துச் சேமித்தால் வேலை முடிந்தது. லப்டொப் என்றால் அந்தப் பட்டரி ஆழத்தில் இருக்கும், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

திகதி சரியான பிறகும் சில தளங்கள் முறைத்தால் பிரவுசர் பழசு. விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஃபயர்பொக்ஸில் 115தான் அதற்கு வந்த கடைசிப் பதிப்பு. நான் வைத்திருப்பது அதன் நீண்டகாலப் பதிப்பு. ஃபயர்பொக்ஸ் எந்தச் சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும், விண்டோஸின் பழைய பட்டியலைக் கேட்காது. கம்பியூட்டரில் இருந்த எக்ஸ்புளோரர் அதை இறக்கவும் விடவில்லை. மொசில்லா தளத்தில் எல்லாப் பதிப்புகளும் இருக்கிற பக்கத்துக்குப் பேத்தி போனில் போய், விண்டோஸுக்கான கோப்பை இறக்கி, டெதரிங்கை நிறுத்தி, அதே சிவப்பு நூல் வயரில் கோப்பு மாற்றும் முறைக்குப் போய்க் கம்பியூட்டருக்குள் போட்டாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நான் இதில் படிப்பேன், படிவம் இறக்குவேன், மருமகனுக்கு மின்னஞ்சல் எழுதுவேன். வங்கிக் கணக்கை இதில் திறப்பதில்லை, அது போனோடு சரி. துணிந்தவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், அதன் எக்ஸ்எஃப்சிஇ வகை 2 ஜிபி ரெம்மில் ஓடும். கம்பியூட்டரில் பதியாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், போனைக் குத்தினால் டிரைவர் கேட்காமலே இணையம் வரும். ஆனால் அந்தக் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. வைஃபை உள்ளவர் வீட்டில் இறக்குங்கள்.

லப்டொப் கதை வேறு. வெல்லாவெளியில் எனக்கொரு சிநேகிதர், கணித ஆசிரியராக இருந்தவர். அவர் என்னைப் போஸ்ட்மாஸ்டர் என்பார், நான் அவரை மாஸ்டர் என்பேன். பழைய லப்டொப், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த புதிய போன். “போஸ்ட்மாஸ்டர், ஹொட்ஸ்பொட் போட்டால் மற்றவர்களின் போனுக்கெல்லாம் தெரியுது, என்ட லப்டொப்புக்கு மட்டும் தெரியுதில்ல” என்று எடுத்தார்.

புதிய போன்கள் ஹொட்ஸ்பொட்டை 5 கிகாஹேர்ட்ஸில் விடக்கூடும். பழைய லப்டொப்பின் வைஃபை பலவற்றில் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும். காது கேட்காத சுருதியில் கூப்பிட்டால் எப்படித் திரும்பும்? ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் பேண்ட் என்ற இடத்தில் 2.4 என்று மாற்றச் சொன்னேன். பெயர் தெரிந்தது. ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இதற்கு ‘மக்ஸிமைஸ் கொம்பட்டிபிலிட்டி’ என்ற பொத்தான் இருக்கிறது.

பெயர் தெரிந்தும் உள்ளே போகவில்லை. கடவுச்சொல் சரி, நாலு தரம் அடித்துப் பார்த்துவிட்டார். போனில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்று இருந்தது, பழைய வைஃபைக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2 என்று மாற்றியதும் போய்விட்டது. கடவுச்சொல்லே வேண்டாம் என்று திறந்து மட்டும் விடாதீர்கள், ஒழுங்கை முழுக்க உங்கள் டேட்டாவில் படம் பார்க்கும். புளூடூத்தாலும் இணையம் எடுக்கலாம், ஆனால் நொடிக்கு ஒன்றிரண்டு மெகாபிட்தான் வரும். மின்னஞ்சலுக்குப் போதும்.

வைஃபையில் ஒரு வசதி உண்டு: போனை சிக்னல் இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு நாம் வேறு இடத்தில் இருக்கலாம். எங்கள் சமையலறைக்குத் தகரக் கூரை, அங்கே ஒரு கோடுதான் காட்டும். வயல் பக்க யன்னலில் மூன்று கோடு. மழைச் சாரல் படாமல் இருக்கட்டும் என்று ஒருநாள் போனை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து யன்னலில் வைத்தேன். இருந்த மூன்று கோடும் போய்விட்டது. தகரத்துக்குள் அலை போகாது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்போது பனையோலைப் பெட்டி ஒன்றை யன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன், போன் அதற்குள். யூஎஸ்பி வயரால் இதைச் செய்ய விரும்பினால் 5 மீற்றருக்கு மேல் நீட்டாதீர்கள், நீண்டால் தொடர்பு விட்டு விட்டு வரும்.

டேட்டா விஷயத்தில் கம்பியூட்டர் பெருந்தீனிக்காரன். போன் தன் பெரிய வேலைகளை வைஃபை வரும்வரை தள்ளிப் போடும். கம்பியூட்டருக்கு அந்த இரக்கம் இல்லை, வயரில் வருவதெல்லாம் அளவில்லாத இணையம் என்று நினைத்துக்கொள்ளும். முதல் வாரம் நான் ஒரு புத்தகம் படித்து முடிக்க முன் பக்கேஜ் முடிந்தது, பின்னால் ஏதோ தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விண்டோஸ் 7இல் அப்டேட்டைக் கையால் செய்கிற மாதிரி மாற்றுங்கள். விண்டோஸ் 10 என்றால் அந்தத் தொடுப்பை ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்று குறித்தால் பெரும்பாலான இறக்கங்கள் அடங்கும். வைரஸ் காவல், கோப்புகளை இணையத்தில் சேமிக்கிற டிரைவ் வகைகள் ஆகியவற்றையும் ஒருதரம் பாருங்கள். யூடியூப்பைத் தானாக விட்டால் பெரிய திரைக்கு ஏற்ற உயர்ந்த தரத்தை எடுக்கும். நொடிக்கு 1 மெகாபிட் போனால்கூட ஒரு மணிநேரத்துக்கு 450 எம்பி. பாடம் பார்க்க 360 என்ற தரம் போதும் என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் கேட்கிறாளா என்பது வேறு விஷயம்.

பக்கேஜ் வாங்கும்போதும் கவனம். வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டும் என்று வருகிற மலிவுப் பக்கேஜ் நூலகம் தளத்துக்குச் செல்லாது, அதற்குப் பொது டேட்டாவிலிருந்துதான் போகும். இரவு டேட்டா இருந்தால் பெரிய கோப்புகளை அதில் இறக்குங்கள். போனில் டேட்டா எச்சரிக்கை வைக்கலாம். நான் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்திருக்கிறேன், தபால் முத்திரைக் கணக்கு எழுதிய பழக்கம்.

இடையில் யாராவது அழைத்தால் இணையம் நின்றுபோவதுண்டு. போனில் வோல்டி என்ற வசதி இல்லாவிட்டாலோ அணைந்திருந்தாலோ, பேசுவதற்காகப் போன் 4ஜியை விட்டுக் கீழே இறங்கிவிடும். அழைப்பு முடிந்ததும் திரும்பி வரும். விண்ணப்பம் நிரப்பி அனுப்புகிற நேரத்தில் மட்டும் மனைவியின் போனை வைத்துக்கொள்வேன், அதற்கு அழைப்புக் குறைவு.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் போன் சும்மா வைத்தாலே சுடும். டெதரிங் போட்டால் இன்னும் சுடும். உறையைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் கம்பியூட்டரின் பிளக்கையும் போன் வயரையும் கழற்றிவிடுங்கள், வயரால் போன் கம்பியூட்டரோடு சேர்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வயரைக் கழற்றினால் டெதரிங் பொத்தான் தானாக அணைந்துவிடும், ஒவ்வொரு முறையும் போய்ப் போட வேண்டும். இது சலித்துப் போனவர்களுக்கு ஒரு வழி. ‘எபவுட் போன்’ பகுதியில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் டிஃபோல்ட் யூஎஸ்பி கொன்ஃபிகரேஷன் என்ற வரியில் யூஎஸ்பி டெதரிங் என்று வைத்துவிட்டால், வயரைக் குத்திப் பூட்டைத் திறந்ததும் இணையம் வந்துவிடும். எல்லாப் போனிலும் அந்த வரி இருக்காது. அங்கே இருக்கிற மற்றப் பொத்தான்களில் கை வைக்க வேண்டாம், நான் வைத்துப் பார்த்தேன், பேத்தி வந்து திருத்தும்வரை தொட்ட இடமெல்லாம் திரையில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.